ஆறாவது வழி

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். பத்து மாதமாக நான் இருக்கிறேனா இல்லையா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை நீ. இருக்கட்டும். இது சண்டை பிடிக்க எழுதும் கடிதம் இல்லை, காரியமாக எழுதுவது.

என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வெளித் தேர்வாளர் பதில் அனுப்பிவிட்டார். மே மாதம் வாய்மொழித் தேர்வு. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்த்துக்கொண்டு, நாற்பத்து நான்கு வயது வரைக்கும் ஒன்பது வருடமாக இழுத்த வேலை இது. முடியப்போகிறது என்று சொல்லவே பயமாக இருக்கிறது. ஆனால் அவர் ஒரு கொக்கி போட்டிருக்கிறார். நாலு வருடம் தினமும் காலையில் ஏரிக்குப் போய் அங்கே நட்டிருக்கும் அளவுப் பலகையை நீ படம் எடுத்தாயே, அதில் மூன்றாம் வருடத்துப் படங்களைப் பார்க்க வேண்டுமாம். கோடையில் ஒரு ஏரி இவ்வளவு ஒரே சீராக இறங்கி அவர் பார்த்ததில்லையாம். அது பாராட்டுத்தான் என்று என் கைடு சொல்கிறார்.

தண்ணீர் பம்ப் இழுப்பதால் மட்டும் குறைவதில்லை, அடியில் சத்தமில்லாமல் ஒரே சீராகக் கசிகிறது என்பதுதான் என் ஆய்வே. மற்ற மூன்று வருடமும் அதை அரைகுறையாகத்தான் சொல்கின்றன. மூன்றாம் வருடம்தான் அடித்துச் சொல்கிறது. அதனால் அந்தப் படங்கள் இல்லாமல் நான் போய் நிற்க முடியாது.

நீ மாதாமாதம் அனுப்பிய அட்டவணை எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. படங்கள் மட்டும் உன் வீட்டில் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில். இன்னொரு காப்பி எடுத்து வை என்று நூறு தடவை சொன்னேன். நீயும் நூறு தடவை சரி என்றாய். இப்போது அதைக் கம்ப்யூட்டரில் செருகி, மூன்றாம் வருட ஃபோல்டரைக் காப்பி செய்து அனுப்பு. இதற்காக நீ என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

கைடும் என்னோடு வேலை பார்ப்பவர்களும் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று உன்னைப் புகழ்ந்துதானே பேசினேன்? "நாலு வருஷம், ஒரு நாள் தவறினதில்ல என் தம்பி" என்றேன். அதற்கா பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள்? உன் மனைவி பாவம், கையில் தண்ணீர் டம்ளரோடு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. படங்களை அனுப்பு, போதும்.

அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துப் பதறிப் பிரித்தேன். பிரித்தால் ஹார்ட் டிஸ்க். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பேச்சுக்குக்கூட ஒரு வரி இல்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன்.

பீரோ மேலிருந்து டிஸ்க்கை இறக்கித் தூசி தட்டிச் செருகினேன். நீல விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு சத்தம் போடுகிறது. அவ்வளவுதான். திரையில் ஒன்றும் வரவில்லை. நாலு தடவை பிடுங்கிச் செருகினேன், நாலு தடவையும் டிங். ஆளை அடையாளம் தெரிந்தும் தெரியாத மாதிரி போகிறவர்கள் உண்டே, அந்த மாதிரி இருக்கிறது.

சும்மா கிடந்ததில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து மாதமாக அதை யாரும் தொடவில்லை. அட்டவணை உன்னிடம் இருக்கிறதே, அது போதாதா? தேர்வாளர் என்ன, ஒவ்வொரு படமாக உட்கார்ந்து பார்க்கவா போகிறார்?

அன்று எழுந்து போனதற்கு நான் சப்பைக்கட்டுக் கட்டப்போவதில்லை. போனேன், அவ்வளவுதான். என்னை வைத்து நீ யாரிடமும் பெருமை பேச வேண்டாம் என்று அன்றே சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

உன் நாத்தனார்களைப் பற்றி நீ குறை சொல்வது போல என் மனைவி உன்னைக் குறை சொல்வதில்லை. "அண்ணி எப்படி இருக்காங்கன்னு கேட்டு எழுதுங்க" என்கிறாள். எப்படி இருக்கிறாய்?

தம்பி

*

மார்ச் 14

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாமாவுக்கு முட்டிவலி, இருந்தும் மாடிப்படியில் ஓடிக் காட்டுகிறார். உன் மனைவியிடம் நான் கேட்டதாகச் சொல். நாத்தனார் கதையை இந்தக் கடிதத்துக்குள் இழுக்காதே.

அட்டவணை போதாது. படம் இல்லாத எண் வெறும் எண். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்தில் எழுதலாம்.

நீ எதையும் கெட்டுப்போய்விட்டது என்று கை கழுவுவதில் கெட்டிக்காரன். கொஞ்சம் பொறுமையாக நான் சொல்வதைச் செய். முதலில் கேபிளை மாற்று. பாதி டிஸ்க்குகளுக்கு வியாதி கேபிளில்தான் இருக்கும். போன் சார்ஜருக்கு வந்த கேபிளைச் செருகிவிட்டு அதுவும் வேலை செய்யவில்லை என்று எழுதாதே, அதில் பலது கரண்டை மட்டும்தான் கொண்டுபோகும். இரண்டாவது, முன்பக்கப் போர்ட்டில் செருகியிருப்பாய். சோம்பேறி. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் இருக்கும் போர்ட்டில் செருகு, அங்கேதான் கரண்ட் குறையாமல் வரும். மூன்றாவது, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டபின் செருகி, டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேள். மெல்லச் சுழலும் சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. கடக் கடக் என்று தட்டினால் உடனே பிடுங்கிவிடு.

நாலாவது, டிவைஸ் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரோடு இணைந்திருப்பவற்றின் பட்டியல் அது. திறந்து, டிஸ்க்கின் பெயர் அதில் இருக்கிறதா பார். இருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி செருகு, புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். ஐந்தாவது, வேறு யாருடைய கம்ப்யூட்டரிலாவது போட்டுப் பார்.

ஒன்றை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். எந்த இடத்திலாவது 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால், ஆமாம் என்பதை அழுத்திவிடாதே. அழுத்தினால் நாலு வருடமும் துடைத்துப் போய்விடும். நீ எதற்கும் யோசிக்காமல் ஆமாம் சொல்கிறவன், அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

இந்த ஐந்துக்கும் மசியவில்லை என்றால் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அப்புறம் என்ன செய்வது என்று நான் யோசிக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். வரிசை தப்பினால் திட்டுவாய் என்று உன் கடிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் நாலு கேபிள் இருந்தது. அதில் இரண்டு சார்ஜர் கேபிள், நீ சொன்னபடி அவற்றைத் தொடவில்லை. ஒன்று பொருந்தவில்லை. பொருந்திய இன்னொன்றைப் போட்டேன், அதே டிங். பின்பக்கப் போர்ட்டுக்காக மேசையை இழுத்ததில் இரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைந்த என் மனைவியின் வளையலும் ஒரு காய்ந்த பல்லியும் கிடைத்தன. வளையலை நான்தான் தொலைத்தேன் என்று இத்தனை நாள் என் தலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த வகையில் உனக்கு நன்றி.

காதை வைத்துக் கேட்டேன். சுழல்கிறது. தட்டல் ஒன்றும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பெயர் தெளிவாக இருக்கிறது. நீக்கிவிட்டு மறுபடி செருகினேன், மறுபடி அதே பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் திறக்கத்தான் எங்கும் வழியில்லை. ஃபார்மட் செய்யவா என்று அது கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெளி டிஸ்க் எதையும் கம்ப்யூட்டரில் போடமுடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சரின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் தெரியவில்லை.

ஆக உன் ஐந்து வழியும் முடிந்தது. நீ எழுதியபடி அது போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. மனதைத் தேற்றிக்கொள் அக்கா. கிடக்கட்டும், விட்டுவிடு.

தம்பி

*

மார்ச் 26

அன்புள்ள தம்பி,

நீ இவ்வளவு தூரம் மெனக்கெட்டதே பெரிது. வளையல் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்.

டிஸ்க் போனது போனதுதான். இனி அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. கடை கண்ணி என்று எங்கேயும் தூக்கிக்கொண்டு அலையாதே, அவர்கள் திறந்து பார்க்கிறேன் என்று வேறு எதையாவது கெடுத்து வைப்பார்கள்.

நான் கைடிடம் பேசிவிட்டேன். டிஸ்க் பழுதாவதற்கு யார் என்ன செய்யமுடியும் என்று அவரும் சொல்கிறார். படங்களுக்குப் பதிலாக, அளவு எடுத்தவர் கைப்பட ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதுமாம். வாசகத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "மூன்றாம் வருடம் முழுவதும் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு முன் நான் நேரில் சென்று ஏரி மட்டத்தைப் பார்த்துப் படம் எடுத்துக் குறித்தேன் என்றும், அப்படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்றும் உறுதி கூறுகிறேன்." இதை உன் கையால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஏப்ரல் பத்துக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு. இரண்டு நிமிட வேலை.

தேர்வு முடிந்ததும் நானும் மாமாவும் உங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்குகிறோம். பழசை எல்லாம் பேசாமல் இருப்போம்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

கையெழுத்துப் போட்ட தாள் இதற்குள் இல்லை. உறையை உதறிப் பார்க்காதே.

உன் வாசகத்தை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதில் இரண்டு பொய் இருந்தது. ஒன்று பொய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். டிஸ்க் பழுது என்பது பொய்யா நிஜமா என்று தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, ஆமாம் போய்விட்டது என்று சொல்லிவிட்டால் ஒரு பொய்யாவது குறையுமே என்று, கம்ப்யூட்டர் பெட்டியையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். போகாதே என்று நீ எழுதியும் போனேன்.

கடை நடத்துவது ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, டிஸ்க்கை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். எடுத்த எடுப்பில் திறந்துகொண்டது. நாலு வருடமும் நாலு ஃபோல்டராக வரிசையாக நின்றது. "எல்லாம் இருக்கே சார், யாரு செத்துப்போச்சுன்னு சொன்னது?" என்றார். அப்புறம் என் பெட்டியில் செருகி, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒன்றைத் திறந்து காட்டினார். "உங்க கம்ப்யூட்டர் இத நல்லாத்தான் பாக்குது. ஆனா இதுக்கு எழுத்து ஒதுக்கல. சி, டி, இ-ன்னு ஏதாவது ஒரு எழுத்து இருந்தாத்தான் உங்க கண்ணுக்குத் தெரியும்." இரண்டு தடவை தட்டினார். முடிந்துவிட்டது. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று அவர் நினைத்திருப்பார்.

என்னென்ன செய்து பார்த்தேன் என்று காட்ட உன் கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். படித்துவிட்டு, "இத எழுதினவங்க விஷயம் தெரிஞ்சவங்க. நாங்க பாக்குற அதே வரிசைல எழுதியிருக்காங்க. ஆனா டிவைஸ் மேனேஜர்ல பேர் வருதுன்னா அடுத்தது இதத்தான் பாப்போம். ஆறாவதா இருக்கவேண்டியது இது. இத மட்டும் எப்படி விட்டாங்க?" என்றார். "எங்க அக்கா எதையும் விடமாட்டாங்க" என்றேன். "விட்டிருக்காங்களே சார்" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

மூன்றாம் வருடம் ஜனவரியில் எனக்குக் காலை ஷிஃப்ட் போட்டார்கள். ஆறு மணிக்குத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். ஏரியில் அளவு எடுப்பதோ ஏழு மணிக்கு பம்ப் ஓட ஆரம்பிப்பதற்குள், வெளிச்சம் வந்த பிறகு. இரண்டும் ஒத்துவராது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்பாய். என் மனைவியே "நான் போய் எடுத்துட்டு வரேன், ஒரு போட்டோ தானே" என்றாள். அது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை இல்லை என்று அவள் வாயை அடைத்தேன். நம் வீட்டில் படிப்பு உனக்கு, பொறுப்பு எனக்கு என்று அம்மா பங்கு பிரித்து வைத்தாளே, எனக்கு வந்த பங்கு அது ஒன்றுதான். அதுவும் முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வார விடுமுறையில் மட்டும் ஏரிக்குப் போனேன். அன்று எடுத்த அளவையும் போன வாரத்து அளவையும் வைத்துக்கொண்டு, இடையில் இருக்கும் நாட்களுக்குச் சமமாகப் பங்கிட்டு எழுதினேன். ஏழு மாதம் இப்படியே ஓடியது. ஆகஸ்டில் ஷிஃப்ட் மாறியபின் மறுபடி தினமும் போனேன். நேற்று எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாளுக்கு முப்பது படம் இருக்கிறது. மீதி நூற்று எண்பத்திரண்டும் என் சமையலறை மேசையில் பிறந்தவை. ஏரி சீராக இறங்கவில்லை அக்கா. சீராக இறக்கியது நான்.

ஒவ்வொரு முறையும் நீ யாரிடமாவது "ஒரு நாள் தவறினதில்ல" என்று சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும். அன்று உன் வீட்டில் அத்தனை பேர் எதிரில் சொன்னபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை, என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டிஸ்க் திறக்கவில்லை என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? டியூஷன் டீச்சர் வீட்டுக்குப் போனது நிஜம். பையிலிருந்து டிஸ்க்கை எடுக்கவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அவர் மகளின் மார்க்கைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

உன் ஒன்பது வருடத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இன்று கைடிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் தம்பி என்னை ஏமாற்றிவிட்டான், ஏழு மாத அளவுகள் பொய் என்று சொன்னேன். "சொந்தத் தம்பியே இப்படிச் செஞ்சா நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றார். அழுதேன். அவரே தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் வருடத்தை எடுத்துவிட்டு மற்ற மூன்று வருடங்களை வைத்துத் தேர்வை நடத்திக்கொள்ளலாம் என்று தேர்வாளரிடம் பேசியிருக்கிறார். ஆய்வு பாதியாகச் சுருங்கும். பட்டம் கிடைத்துவிடும்.

உன்னை எவ்வளவு நம்பினேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கை அனுப்பிவிடு. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

டிஸ்க்கைப் பஞ்சு சுற்றி, எங்கள் தொழிற்சாலைப் பெட்டியிலேயே வைத்துக் கூரியரில் அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் வந்து சேரும். எந்தெந்தத் தேதி நிஜம், எந்தெந்தத் தேதி நான் எழுதியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். மற்ற வருடங்களில் ஒரு நாள்கூடப் பொய் இல்லை. இதை நீ நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை, படங்கள் இருக்கின்றன.

நீ கைடிடம் சொன்னது சரிதான். வேறு எப்படிச் சொல்லமுடியும்? நடந்தது அதுதானே. அவர் எதிரில் உட்கார்ந்து கூடப் பிறந்தவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல உனக்கு எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த அசிங்கத்துக்கும் நான்தான் காரணம். தேவைப்பட்டால் சொல், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து அவர்கள் முன்னால் நின்று, எல்லாம் நான் செய்தது, எங்கள் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று என் வாயால் சொல்லிவிட்டுப் போகிறேன். அப்போது உன் மேல் யாருக்கும் ஒரு துளிச் சந்தேகம் வராது.

ரிப்பேர் கடைப் பெண் சொன்னதை நான் எழுதியதில் தப்பாக ஒன்றும் இல்லை, நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவ்வளவு வேலைக்கு நடுவில் ஒன்று விட்டுப்போவது சகஜம்தான்.

பட்டம் வாங்கும் அன்று உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் வரமாட்டேன், பயப்படாதே.

தம்பி

*

மே 3

என் தம்பி,

கைடின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அதைப் படித்த நாளிலிருந்து கண்ணாடியில் தலைவாரும்போதுகூட நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "எங்கள் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது" என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும் தம்பி. மூன்றாம் வருடம் ஏப்ரலிலேயே தெரியும்.

நீ அனுப்பிய அட்டவணையில், ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒருநாள் போட்டுப் பார்த்தேன். ஏழு நாள் நாலு நாலு மில்லிமீட்டர். அடுத்த ஏழு நாள் ஆறு ஆறு மில்லிமீட்டர். அடுத்த ஏழு நாள் ஐந்து ஐந்து. எந்த ஏரித் தண்ணீரும் வார விடுமுறை பார்த்து நடந்துகொள்ளாது. பார்த்த உடனே புரிந்தது, நீ வாரத்துக்கு ஒருமுறைதான் போகிறாய் என்று. போனை எடுத்து உன் நம்பரைப் போட்டேன். அப்புறம் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தேன். நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே வரைந்து வைத்த மாதிரி இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கணக்கை அழித்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் இருந்தால் எனக்குத் தெரியாது என்றாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

விருந்தன்று நான் உன்னைப் புகழவில்லை. எதிரில் கைடு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்று சொன்னேன். நீ ஏன் எழுந்து போனாய் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டு, பத்து மாதம் கழித்து, என்ன தப்பாகச் சொன்னேன் என்று உனக்குக் கடிதம் எழுதினேன். தேர்வாளர் கேட்டுவிட்டதால், ஒன்றும் தெரியாதவள் மாதிரி அதிலேயே படங்களையும் கேட்டேன்.

டிங் என்று சத்தம் வருகிறது, ஆனால் திறக்கவில்லை என்று நீ எழுதியதுமே உன் கம்ப்யூட்டர் அதற்கு எழுத்து ஒதுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருடா வருடம் லேபில் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது அது. ஐந்தாவதை எழுதிவிட்டு ஆறாவதை எழுதப் பேனாவை வைத்தேன். எழுதவில்லை. டீச்சர் லேப்டாப்பில் தெரியவில்லை என்று நீ சொன்னதும் பொய் என்று தெரியும். நீயும் அது திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று புரிந்தது. எனக்கு அப்போது வந்தது உன் மேல் பாசமில்லை, நீயும் வாய் திறக்கமாட்டாய் என்ற தைரியம்தான்.

கைடிடம் உன்னைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அசிங்கமாக இருந்திருக்கும் என்று வருத்தப்படுகிறாய். இல்லை. நிம்மதியாக இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பேன்.

நான் எழுதும் கடிதத்துக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வது என் பழக்கம். என்னுடையதையும் உன்னுடையதையும் தேதி வரிசையில் அடுக்கி, ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து இன்று காலை அவர் மேசையில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாளில் மூன்றாம் வருடம் ஏப்ரலில் நான் போட்ட கணக்கை மறுபடி போட்டு, இதை நான் பார்த்தேன், பார்த்தும் மறைத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். "என்னம்மா இது?" என்றார். "படிங்க, வெளில இருக்கேன்" என்று வந்துவிட்டேன். பட்டம் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். லேப் வேலையும் போகலாம். மாமாவிடம் சொல்லிவிட்டேன். நானும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த உறுதிமொழி. அது பொய் என்று தெரிந்துதான் உன்னிடம் கேட்டேன். நாளைக்கு ஏதாவது ஆனால் அதில் உன் கையெழுத்து இருக்கும், என்னுடையது இருக்காது. ஒவ்வொரு சொல்லாக யோசித்து, அப்படித்தான் அந்த வாசகத்தை எழுதினேன். நீ ஏழு மாதம் என்னிடம் பொய் சொன்னாய், முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு. நான் உன்னை விற்கப் பார்த்தேன். என்னை மன்னிக்க அவசரப்படாதே தம்பி. உனக்கு எதையும் உடனே விட்டுக்கொடுக்கிற புத்தி. இதை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டு கோபப்படு.

உள்ளே நாற்காலி நகர்கிறது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். போய்விட்டு வந்து உனக்குப் போன் செய்கிறேன், எடு.

அக்கா